பிறந்த பிள்ளையின் சின்னத் தாடை, மூச்சுத் திணறல், தாடை நீட்டும் சத்திரசிகிச்சை: மலையகப் பெற்றோருக்கான கேள்வி பதில்

கீழ்த்தாடை மிகச் சிறியதாகப் பிறந்து, அதனால் மூச்சு விடவும் பால் குடிக்கவும் சிரமப்படும் பிள்ளைகளின் பெற்றோருக்காக எழுதியது இது. வாட்டில் டொக்டர் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போன விஷயத்தை ஆறுதலாக உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் உங்கள் பிள்ளையை நேரில் பார்த்தவர் சொல்வதும் இதில் உள்ளதும் வேறுபட்டால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

"பியர் ரொபான்" என்று கார்டில் எழுதியிருக்கிறார்கள். அது என்ன வியாதி?

ஒன்றிலிருந்து ஒன்றாக வரும் மூன்று கோளாறுகளுக்குச் சேர்த்து வைத்த பெயர். கருவில் கீழ்த்தாடை போதுமான அளவு வளரவில்லை. அதனால் நாக்கு முன்னுக்கு வர இடமில்லாமல் பின்னால் தொண்டைக்குள் சரிகிறது. சரிந்த நாக்கு மூச்சு வழியை அடைக்கிறது. 1923 இல் இதைப் பற்றி எழுதிய பிரான்ஸ் நாட்டு வைத்தியர் பியர் ரொபானின் பெயரே நிலைத்துவிட்டது.

இப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு மேலண்ணத்திலும் பிளவு இருக்கும். அதுவும் அதே தொடர்ச்சிதான். மூன்றாவது மாதத்துக்குள் கருவின் அண்ணம் இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர வேண்டும். நாக்கு இடையில் மேலே நின்றுகொண்டால் அது சேராது. உதடு பிளந்திருக்காது என்பதால் வெளியே பார்த்தால் தெரியாது. வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஏறக்குறைய 8,500 முதல் 14,000 பிறப்புகளுக்கு ஒன்று என்று கணக்குச் சொல்கிறார்கள். அபூர்வம்தான். உங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பவர் இதற்கு முன் ஒன்றைக்கூடப் பார்த்திருக்காமல் இருக்கலாம். அது அவருடைய குறையில்லை.

கிரகணத்தன்று கத்தி பிடித்ததால்தான் இப்படி என்று லயத்தில் பேசுகிறார்கள். உண்மையா?

இல்லை. கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தாய் சாப்பிட்டதாலோ, மலை ஏறிக் கொழுந்து பறித்ததாலோ தாடை சிறுத்துப்போனது என்பதும் இல்லை. சில பிள்ளைகளுக்கு மரபணுக் காரணம் உண்டு. அதைக் கடைசிக் கேள்வியில் பார்க்கலாம். பிள்ளை பெற்ற பத்தாம் நாள் உடம்போடு இருப்பவளிடம் இந்தப் பேச்சைக் கொண்டுவருபவர்களை வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்திவிடுவது நல்லது.

மூச்சுக்குச் சிரமம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சத்தம் பெரிதாக இருந்தால் ஆபத்து, சத்தமில்லையென்றால் நலம் என்று நினைத்துவிட வேண்டாம். மூச்சு வழி முழுதாக அடைபட்டால் சத்தமே வராது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், காற்று உள்ளே போகாது.

ஆகவே நெஞ்சைப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையிலும், கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே இழுபடுகிறதா? தூங்கும்போது குறட்டை போலச் சத்தம் வந்து, சட்டென்று நின்று, பிறகு திடுக்கிட்டு மூச்சு எடுக்கிறதா? உதட்டைச் சுற்றி நீலம் பாய்கிறதா? பால் குடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்து, நெற்றி வியர்த்து, பாதியில் அசந்து தூங்கிவிடுகிறதா?

இவை எல்லாவற்றையும் விட நான் நம்புவது தராசைத்தான். மூச்சுக்காகவே பிள்ளை தன் சக்தியையெல்லாம் செலவழித்தால் நிறை ஏறாது. மிட்வைஃப் மிஸ்ஸி பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் குறிக்கும் கோடு படுத்துக் கிடந்தால், "சின்ன உடம்பு, எங்கள் குடும்பமே அப்படித்தான்" என்று சொல்லிச் சமாதானப்பட வேண்டாம். கோட்டைக் காட்டி டொக்டரிடம் கேளுங்கள்.

குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள். மல்லாக்கத்தானே படுக்க வைக்க வேண்டும் என்பார்கள்?

மற்றப் பிள்ளைகளுக்கு மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் சரி. திடீர் மரணத்தைத் தவிர்க்க உலகம் முழுக்கச் சொல்லும் அறிவுரை அது. இந்தப் பிள்ளைக்கு மட்டும் கதை வேறு. மல்லாந்தால் நாக்கு தொண்டைக்குள் விழும். குப்புறப் படுத்தால் தாடையும் நாக்கும் தன் பாரத்தாலேயே முன்னுக்கு வரும். பாதிப்பு லேசான பிள்ளைகளுக்கு இந்த ஒரு மாற்றமே போதுமாகிவிடுவதும் உண்டு.

ஆனால் இது டொக்டர் சொல்லி, ஒட்சிசன் அளவைப் பார்த்து, கண்காணிப்போடு செய்வது. இதைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையையும் குப்புறப் போட்டுவிடக் கூடாது.

அம்மாயி தினமும் எண்ணெய் தேய்த்துத் தாடையை இழுத்துவிட்டால் சரியாகும் என்கிறார். செய்யலாமா?

வேண்டாம். கையால் இழுத்து எலும்பு நீளாது. மூக்கில் எண்ணெய் விடுவது, வசம்பு உரைத்து நாக்கில் தடவுவது, சீனித் தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர் புகட்டுவது எல்லாமே இந்தப் பிள்ளைக்கு ஆபத்து. தொண்டையில் இறங்க வேண்டியது நெஞ்சுக்குள் போய்விடும். அம்மாயியின் கைக்கு வேறு வேலை இருக்கிறது. இரவில் முறை வைத்து விழித்திருக்க இன்னொரு ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது போகப் போகத் தெரியும்.

தாடை சின்னது என்றால் எல்லாருக்கும் சத்திரசிகிச்சைதானா?

இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவைப்படாது. படுக்க வைக்கும் விதத்தை மாற்றுவதுதான் முதல் படி. அது போதாவிட்டால் மூக்கு வழியாக நாக்குக்குப் பின்னால் வரை ஒரு மெல்லிய குழாயை வைத்து மூச்சு வழியைத் திறந்து வைப்பார்கள். அழுத்தக் காற்று கொடுக்கும் சீபாப் இயந்திரமும் உண்டு. ஜெர்மனியில் டூபிங்கன் நகரத்தில் உருவான, நாக்கை முன்னுக்குத் தள்ளும் அண்ணத் தட்டையும் சில நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். நாக்கைக் கீழுதட்டோடு தற்காலிகமாகத் தைத்து வைப்பது ஒரு பழைய முறை.

இவை எதிலும் ஒட்சிசன் நிலைக்கவில்லை, நிறை ஏறவில்லை என்றால் இரண்டு வழிதான் மிஞ்சும். ஒன்று, கழுத்தில் துளை போட்டு நேரடியாக மூச்சுக் குழாய் வைக்கும் ட்ரக்கியோஸ்டமி. மற்றது தாடையை நீட்டுவது. ட்ரக்கியோஸ்டமி உயிரைக் காக்கும், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குழாயைச் சளி அடைக்காமல் இரவு பகலாக உறிஞ்சி எடுக்க வேண்டும், அதற்கு மெஷின் வேண்டும், மின்சாரம் வேண்டும், பழகிய ஆள் எப்போதும் பக்கத்தில் வேண்டும். காற்று மழைக்குக் கரண்ட் போகும் ஒரு மலைத் தோட்டத்தில் அதை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், செய்வது எவ்வளவு பாரம் என்று சொல்ல வேண்டியதில்லை. தகுந்த பிள்ளைக்குத் தாடை நீட்டுவது நல்ல வழி என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தாடையை எப்படி நீட்டுகிறார்கள்? வேறு இடத்து எலும்பை வைப்பார்களா?

வேறு எலும்பு எதுவும் வைப்பதில்லை. பிள்ளையின் சொந்த எலும்பே வளர்ந்து நீள்கிறது. சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில் கவ்ரீல் இலிசாரோவ் என்ற வைத்தியர் 1950களில் கால் எலும்புகளில் வளர்த்தெடுத்த முறை இது. எலும்பை வெட்டி, இரண்டு துண்டையும் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் மெதுவாக விலக்கிக்கொண்டே போனால், நடுவில் வரும் இடைவெளியைப் புது எலும்பு நிரப்பும். தோல், தசை, நரம்பு எல்லாம் கூடவே நீளும். இதைக் கீழ்த்தாடைக்குச் செய்து நியூயோர்க்கில் ஜோசப் மக்கார்த்தி 1992 இல் வெளியிட்டார். பிறகுதான் மூச்சுத் திணறும் கைக்குழந்தைகளுக்கும் வந்தது.

முதல் நாள், மயக்க மருந்து கொடுத்து, தாடையின் இரண்டு பக்கத்திலும் எலும்பை வெட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் டிஸ்ட்ராக்டர் என்ற சின்ன உலோகக் கருவியைப் பொருத்துவார்கள். கருவி தோலுக்கு அடியில் இருந்தால் திருப்பும் கம்பி மட்டும் காதுப் பக்கமோ தாடைக்குக் கீழோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கருவி முழுக்க வெளியிலேயே இருக்கும் வகையும் உண்டு.

ஓரிரு நாள் அப்படியே விடுவார்கள். பிறகு திருப்பத் தொடங்குவார்கள். லொறிக்கு ஜாக்கி வைத்துத் திருப்பும்போது கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஸ்குரூ வேலைதான், அளவு மட்டும் மில்லிமீற்றரில். கைக்குழந்தைக்கு எலும்பு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிமீற்றர் வரை, இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துத் திருப்புவார்கள். 15 மில்லிமீற்றர் நீட்ட வேண்டுமென்றால் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். தாடை முன்னுக்கு வர வர, அதோடு ஒட்டிய நாக்கும் தொண்டையை விட்டு முன்னுக்கு வரும். ஐந்தாறு மில்லிமீற்றர் நகர்ந்ததுமே மூச்சு இலகுவாவது தெரியும். அதுவரை பிள்ளை பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் குழாயோடு இருக்கும். முதன்முதலாகப் பார்க்கும்போது மனம் தாங்காது. முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

தேவையான நீளம் வந்ததும் திருப்புவதை நிறுத்துவார்கள். ஆனால் கருவி உள்ளேயே இருக்கும். இடையில் வந்த எலும்பு இன்னும் மிருது, கெட்டிப்பட ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும், சிலருக்கு அதற்கு மேலும். அப்புறம் இரண்டாவது தடவை மயக்கம் கொடுத்துக் கருவியைக் கழற்றுவார்கள்.

இந்த இரண்டாவது தேதியை விட்டுவிடாதீர்கள். பிள்ளை நன்றாக மூச்சு விடுகிறது, கன்னம் வைத்துவிட்டது, பேராதனைக்கோ கொழும்புக்கோ போய்வரக் காசு வேண்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று மனம் சொல்லும். கருவி நாள் கடந்து உள்ளே கிடந்தால் கிருமி தொற்றும், எலும்பு அதன் மேல் வளர்ந்து கழற்றுவதும் கஷ்டமாகும்.

ஸ்குரூ திருப்பும்போது வலிக்காதா?

முதல் சில நாள் பிள்ளை மருந்து மயக்கத்திலேயே இருக்கும். அதற்குப் பிறகு திருப்பும் நேரத்தில் கொஞ்சம் சிணுங்கும், வலி மருந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் அதைவிடப் பசிக்குத்தான் அதிகம் அழும்.

சத்திரசிகிச்சைக்கு முன் இத்தனை டெஸ்ட் எதற்கு?

தாடையை நீட்டினால் நாக்கால் வந்த அடைப்புதான் நீங்கும். அடைப்பு குரல்வளைக்குக் கீழேயும் இருந்தால், அல்லது மூளையிலிருந்தே மூச்சுக்கான உத்தரவு சரியாக வராவிட்டால், தாடையை எவ்வளவு நீட்டினாலும் பிரச்சினை தீராது. அதனால்தான் மெல்லிய கமரா விட்டு மூச்சு வழியை முழுக்கப் பார்க்கிறார்கள், தூக்கத்தில் ஒட்சிசனையும் மூச்சையும் பதிவு செய்கிறார்கள், சீட்டீ ஸ்கேன் எடுத்துப் பல் முளைகளும் நரம்பும் எங்கே ஓடுகின்றன என்று பார்க்கிறார்கள். கண், காது, இதயம் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். சரியாகத் தெரிவு செய்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ட்ரக்கியோஸ்டமி இல்லாமல் தப்பிக்கிறார்கள் என்று வெளிநாட்டு அறிக்கைகள் காட்டுகின்றன. அந்தக் கணக்கில் "சரியாகத் தெரிவு செய்த" என்பதுதான் முக்கியம்.

இதில் என்ன ஆபத்து?

முதல் ஆபத்து மயக்க மருந்தின்போது. தாடை சின்னது என்பதால் சுவாசக் குழாயை உள்ளே விடுவதே கடினம். பழகிய மயக்க மருந்து நிபுணர் இல்லாத இடத்தில் இதைச் செய்யவே மாட்டார்கள், பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவதும் அதனால்தான். மற்றவை: தோலில் தழும்பு, கம்பி வெளியே வரும் இடத்தில் சீழ், கீழுதட்டை அசைக்கும் நரம்பு கொஞ்ச நாள் தளர்ந்து வாய் ஒரு பக்கம் கோணுவது, எலும்புக்குள் இருக்கும் பல் முளைகள் சேதமாகிப் பிறகு பல் கோணலாகவோ வராமலோ போவது, தாடை மூட்டு இறுகுவது. கருவியே தளர்ந்தோ உடைந்தோ போவதும் நடக்கும். கையெழுத்துப் போடும் முன் இவற்றைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படிவம் புரியாத மொழியில் இருந்தால், தமிழில் விளக்கச் சொல்லி நிதானமாகக் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நாங்கள் ஹட்டன் பக்கம். எங்கே போக வேண்டும், எவ்வளவு செலவாகும்?

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். வழக்கமாக டிக்கோயா, நுவரெலியா, பதுளை போன்ற வைத்தியசாலைகளின் பிள்ளை நல மருத்துவர் பார்த்து, பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்புவார். முகம், தாடை சத்திரசிகிச்சை நிபுணர்களும் அண்ணப் பிளவுச் சிகிச்சையும் பேராதனைப் பல் வைத்தியசாலையில் உண்டு. யார், எங்கே, எப்போது செய்வது என்பதை அந்தக் குழு முடிவு செய்யும். நீங்களாகக் கார் பிடித்துக் கொண்டு போவதைவிட, வாட்டிலிருந்தே மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். வழியில் ஒட்சிசனும் தாதியும் கூட வருவார்கள்.

மறைமுகச் செலவுதான் குடும்பத்தை நெருக்கும். வாட்டில் தாய்க்கு மட்டும்தான் இடம், தகப்பன் வந்து போக வேண்டும், வேலைக்குப் பேர் போடாத நாளுக்குச் சம்பளம் இல்லை. தோட்டத் தொழிலாளிக்குச் சட்டப்படி வரும் பிரசவ லீவு 12 வாரம். கருவி பொருத்தியதிலிருந்து கழற்றும் வரை மட்டுமே இரண்டு மூன்று மாதம் போய்விடும். தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடமும் தொழிற்சங்கத் தலைவரிடமும் பிள்ளை வாட்டில் இருக்கும்போதே பேசி வையுங்கள். டயக்னோசிஸ் கார்டைப் போட்டோ எடுத்து இரண்டு பேருடைய போனிலும் வைத்திருங்கள். மழையில் நனைந்த கார்டை வைத்து அடுத்த டொக்டர் ஒன்றும் செய்ய முடியாது.

தாய்ப்பால் கொடுக்கலாமா?

தாய்ப்பால் வேண்டும், ஆனால் மார்பிலிருந்து நேரே குடிப்பது பெரும்பாலும் முடியாது. அண்ணம் பிளந்திருந்தால் வாய்க்குள் உறிஞ்சும் இழுவை வராது. பாலைக் கறந்து, மூக்கு வழிக் குழாயிலோ விசேட போத்தலிலோ கொடுப்பார்கள். ஹேபர்மன் போத்தல் என்பது இதற்கென்றே உள்ள ஒன்று. இதே போன்ற பிரச்சினையோடு பிறந்த தன் மகளுக்காக இங்கிலாந்தில் மாண்டி ஹேபர்மன் என்ற தாய் செய்தது. பிள்ளை உறிஞ்சாவிட்டாலும் போத்தலின் முலைக்காம்பை மெல்ல அழுத்தினால் பால் வரும்.

பால் வற்றிப்போவதுதான் பயம். பிள்ளை தீவிர சிகிச்சையில் இருக்கும் நாட்களிலும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவில் ஒரு தடவையாவது, கறந்துகொண்டே இருங்கள். கொடுக்கும்போது பிள்ளையைக் கொஞ்சம் நிமிர்த்தியோ ஒருக்களித்தோ பிடிக்க வேண்டும், மல்லாக்கப் பிடிக்கக் கூடாது. இந்தப் பிள்ளைகளுக்குப் பால் எதுக்களிப்பதும் அதிகம்.

வீட்டுக்குக் கொண்டுபோகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் உங்கள் வீடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று டொக்டரிடம் சொல்லுங்கள். இதை யாரும் கேட்பதில்லை. பேராதனை சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நலமான பிள்ளைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பேராதனை வாட்டில் மட்டுமட்டான ஒட்சிசன் அளவோடு டிஸ்சார்ஜ் ஆன பிள்ளைக்கு, மேலே ஏறியதும் அது இன்னும் கொஞ்சம் இறங்கும். தூக்கத்தில் அடிக்கடி 90 சதவீதத்துக்குக் கீழே போனால் திரும்பக் காட்ட வேண்டும்.

விரலிலோ பாதத்திலோ மாட்டும் ஒட்சிசன் மீற்றர் கொடுத்திருந்தால், குளிரில் விறைத்த பாதத்தில் அது தப்பான எண்ணைக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். பாதத்தைக் கையால் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கான மீற்றர் கைக்குழந்தைக்குச் சரிவராது.

அடுப்புப் புகை. லயத்து வீட்டில் விறகடுப்பும் படுக்கையும் ஒரே சுவரைப் பகிர்கிற நிலை பலருக்கு. பிள்ளையைப் புகை வராத பக்கத்துக்கு மாற்றுங்கள். அறைக்குள் பீடி, சிகரெட் கூடவே கூடாது. சளி பிடித்தவர்கள் எட்டி நின்றே பார்த்துவிட்டுப் போகட்டும். கருவி கழற்றி, மூச்சு நிலையாகும் வரை பிள்ளைக்காம்பராவில் விட வேண்டாம். அங்கே இருப்பவர் ஒருவர் எத்தனை பிள்ளையைத்தான் பார்ப்பார்?

கம்பி வரும் இடத்தை மிஸ்ஸி காட்டிய விதமாகத் துடைத்துச் சுத்தமாக வையுங்கள். சிவந்தால், வீங்கினால், சீழ் வடிந்தால், காய்ச்சல் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். வீட்டிலேயே திருப்பச் சொல்லியிருந்தால் ஒரே ஆள், ஒரே நேரம், ஒரு கொப்பியில் உடனே குறிப்பு. இரண்டு பேர் தனித்தனியாகத் திருப்பிவிட்டால் கணக்கு தவறிவிடும்.

திடீரென்று நீலம் பாய்ந்தால்?

உடனே பிள்ளையைக் குப்புறத் திருப்பி முன்கையில் ஏந்துங்கள், முகம் அமுங்காமல் தாடை முன்னே தொங்கட்டும். கூட இருப்பவர் 1990 க்கு அழைக்கட்டும். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம், தமிழில் பேசலாம். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும் சொல்லுங்கள். ஒரே தோட்டத்தில் நாலைந்து டிவிஷன் இருக்கும், மேல் பிரிவுக்கு வண்டி ஏறாவிட்டால் எந்தச் சந்தியில் நிற்பது என்றும் சொல்லிவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அண்ணப் பிளவை எப்போது மூடுவார்கள்?

பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள். மூச்சு நன்றாக நிலைத்த பிறகே தொடுவார்கள், ஏனென்றால் பிளவை மூடும்போது மூச்சு வழி மறுபடி கொஞ்சம் ஒடுங்கலாம். இந்தப் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோர்த்துக் கேட்பது மந்தமாவது சகஜம். பேச்சு தாமதமானால் காதையும் பாருங்கள்.

நீட்டிய தாடை மறுபடி சுருங்குமா?

புது எலும்பு கெட்டிப்பட்ட பிறகு பெரிதாகச் சுருங்காது. ஆனால் அந்தத் தாடை மற்றப் பிள்ளைகளின் தாடை அளவுக்குப் பின்னால் வளருமா என்பது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். சிலருக்குப் பதின்ம வயதில் பல்லை நேராக்கக் கம்பியோ இன்னொரு சத்திரசிகிச்சையோ வேண்டி வரும். இப்போது செய்வது மூச்சுக்காக. முக அழகு எப்படி வரும் என்று இந்த வயதில் கணக்குப் போட முடியாது.

அடுத்த பிள்ளைக்கும் இப்படி வருமா?

தாடைப் பிரச்சினை மட்டும் தனியாக வந்திருந்தால் அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு குறைவு. ஆனால் சிலருக்கு அது வேறொரு மரபணுக் கோளாறின் பகுதியாக வரும். அதில் அதிகம் காண்பது ஸ்டிக்லர் என்ற கோளாறு. கிட்டப்பார்வை கடுமையாக இருக்கும், விழித்திரை கழன்று பார்வையே போகலாம், காது மந்தமாகும், இள வயதிலேயே மூட்டு வலிக்கும். அதன் வழக்கமான வகையில், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. உங்கள் குடும்பத்தில் சின்ன வயதிலேயே கனத்த கண்ணாடி போட்டவர்களோ இளமையில் பார்வை இழந்தவர்களோ இருந்தால் அதை டொக்டரிடம் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பிள்ளையின் கண்ணை முதல் வருடத்திலேயே காட்டுங்கள். அடுத்த தடவை கர்ப்பம் தரித்ததும் மிட்வைஃப் மிஸ்ஸியிடம் முதல் கிளினிக்கிலேயே இந்தக் கதையைச் சொன்னால், ஸ்கேனில் தாடையைக் குறிப்பாகப் பார்த்து, பிரசவத்தைப் பிள்ளை நல மருத்துவர் இருக்கும் பெரிய வைத்தியசாலையில் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம்.